‘படிப்பு ஏறல’ என்று சொல்லும் முன்

காஞ்சிப் பட்டில் கோர்வைச் சேலை நெய்ய ஒருவர் போதாது. ஒரு பக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த இடத்தில் பல காலம் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறிக்குப் போனவர்களில் நம் சேரிப் பிள்ளைகளும் உண்டு. 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கையே காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதியது.

இன்று தாமல் போன்ற ஊர்களில் ஒரு பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால், ‘படிப்பு ஏறல’ என்று முடித்துவிடுகிறார்கள். கண் சரியாகத் தெரியவில்லையா, வீட்டில் கடனா, தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையா, சாதியைச் சொல்லி யாராவது பேசினார்களா? கேட்பாரில்லை.

கேட்கச் சொல்கிறது சட்டம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவுப்படி, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் ஆசிரியர் பார்த்து, தேவையானால் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டும். பெற்றோரைக் கூட்டிப் பேச வேண்டும். 21ஆவது பிரிவு, அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கைப் பெற்றோருக்குத் தருகிறது. அதில் நம் பெற்றோருக்கு விகிதப்படி இடம் உண்டு. பெயருக்குக் கையெழுத்துப் போடும் இடமல்ல அது.

நாம் கேட்பது ஒரு பிள்ளைக்கு ஒரு தாள். வகுப்பாசிரியர், அம்மா, குழுவிலுள்ள நம் தெருக்காரர், கிராமச் செவிலியர் எல்லோரும் பிள்ளையையும் உடன் வைத்துக்கொண்டு எழுதட்டும். மாதாமாதம் எடுத்துப் பார்க்கட்டும். ஒன்று, கூலிக்குப் போகும் அம்மா பகல் பதினொரு மணிக்கு வரமுடியாது. கூட்டத்தை மாலையில் வையுங்கள்.