அரை அங்குலக் குழாயும் ஆடம் ஸ்மித்தும்

எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் மூன்று வாரங்களாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஓர் இரவு பத்து மணிக்கு வாளியை வைத்துக் காலை ஆறு மணிக்கு அளந்தேன். 4 லிட்டர் இருந்தது. நாளொன்றுக்கு 12 லிட்டர். ஊரக வீடுகளுக்கு ஜல் ஜீவன் திட்டம் வரையறுத்துள்ள அளவு ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகமான நீர் எங்கள் வீட்டிலிருந்து சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

கன்னிவாடியில் பிளம்பரே இல்லை என்று கூற முடியாது. எனக்குத் தெரிந்தவர் நாள்தோறும் திண்டுக்கல்லில் கட்டட வேலைக்குச் செல்கிறார். ஒரு வாஷர் மாற்றுவதற்காக ஒருநாள் கூலியை இழக்க இயலாது என்பதைப் பணிவாகவே தெரிவித்தார். அவர் கணக்கு சரியானது. அதே கணக்கை 'வாய்ப்புச் செலவு' என்ற பெயரில் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன் நான். ஓய்வுபெற்றவனின் நேரத்துக்கு அப்படியொரு செலவு இல்லையே என்று எண்ணி நானே ஸ்பேனரை எடுத்தேன்.

வாஷரை மாற்றினேன், சொட்டு நிற்கவில்லை. ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர் வாஷர் அமரும் இடத்தையே அரித்திருந்தது. குழாயையே மாற்ற வேண்டும். மொட்டை மாடி வால்வோ பல ஆண்டுகளாகத் திருகப்படாமல் இறுகிக் கிடந்ததால், 500 லிட்டர் தொட்டியைக் காலி செய்த பிறகே பழைய குழாயைக் கழற்ற முடிந்தது. நாற்பது நாள் சொட்டியிருந்தால்தான் அவ்வளவு நீர் வீணாகியிருக்கும் என்று என் மனைவி கணக்கிட்டுச் சொன்னார்.

அடுத்தது அளவுக் குழப்பம். பழைய குழாயின் மரையை அளந்தேன். ஏறத்தாழ 21 மில்லிமீட்டர். முக்கால் அங்குலத்துக்கு அதுவே நெருக்கம் என்று முடிவுசெய்து வாங்கிவந்த குழாய் சுவரில் நுழையவே இல்லை. கடைக்காரர் சிரித்தார். 21 மில்லிமீட்டர் மரைக்குத்தான் 'அரை இஞ்சு' என்று பெயராம். அந்தப் பெயர் பிரிட்டனில் பழைய இரும்பு பைப்பின் உள்துளையைக் கொண்டு வந்தது. இரும்பு போய்ப் பிளாஸ்டிக் வந்த பிறகும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இரண்டாம் முறை சரியான குழாயுடன் வந்து டெஃப்லான் டேப்பைச் சுற்றினேன். திருகத் திருக அது பிரிந்து வெளியே வந்தது. நீர் கசிந்தது. இன்னும் இறுக்கினேன். சுவருக்குள்ளிருந்த எல்போ விரிசல் விட்டது.

ஞாயிறு மாலை அந்த பிளம்பரே வந்தார். சுவரை உடைத்து எல்போவை மாற்ற அவருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மரை திருகும் திசையிலேயே டேப்பைச் சுற்ற வேண்டும் என்பதைக் காட்டினார். நான் எதிர்த்திசையில் சுற்றியிருக்கிறேன். நான் இன்னொரு சுற்று இறுக்கியிருக்கக்கூடிய இடத்தில் அவர் நிறுத்தினார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “கையிலேயே தெரியும் சார்” என்றார்.

1776-இல் வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' நூலில், வேலைப் பகுப்பு எந்த அளவுக்குச் செல்லும் என்பதைச் சந்தையின் பரப்பே வரையறுக்கிறது என்கிறார் ஆடம் ஸ்மித். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிச் சிற்றூர்களில் ஒவ்வோர் உழவனும் தன் வீட்டுக்குத் தானே ரொட்டி சுடுபவனாகவும் இறைச்சி வெட்டுபவனாகவும் இருந்தாக வேண்டும் என்பது அவர் தரும் எடுத்துக்காட்டு. அதை எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பழனி மலையடிவாரத்தில், சமையலறைத் தரையில் ஈர வேட்டியுடன் அமர்ந்திருந்தபோதுதான் அது புரிந்தது.

2019 ஆகஸ்ட் 15 அன்று ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, நாட்டின் ஊரக வீடுகளில் சுமார் 3.23 கோடிக்கு மட்டுமே குழாய் இணைப்பு இருந்தது. இன்று அது 15 கோடியைக் கடந்துவிட்டது. பெரும் சாதனை, ஐயமில்லை. ஆனால் அத்தனை குழாய்களும் ஒருநாள் சொட்டத் தொடங்கும். உள்ளூர் மக்களுக்குப் பழுதுபார்ப்புப் பயிற்சி தரும் திட்டமும் இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் பிளம்பர் பிரிவும் உண்டு. ஆயினும் ஒரு குழாய் பழுதாவது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை. நூறு வீடுள்ள சிற்றூரின் சொட்டுகளை நம்பி ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. பயிற்சி பெற்றவர் நகரத்துக்குப் பேருந்து ஏறுவதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

சிதறிக் கிடக்கும் சிறு வேலைகளை ஒன்றுசேர்ப்பதே வழி என்று கருதுகிறேன். ஊராட்சிகளில் மேல்நிலைத் தொட்டியை இயக்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கே பயிற்சியும் கருவிகளும் தந்து, வீட்டுப் பழுதுகளுக்கு நியாயமான கட்டணம் நிர்ணயித்தால் அவர்களின் சொற்ப ஊதியமும் உயரும்.

எங்கள் தெருவில் இப்போது சிறிய ஏற்பாடு ஒன்று நடக்கிறது. தேநீர்க் கடையில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. பழுதுள்ளவர்கள் அதில் எழுதிவைப்பார்கள். ஐந்து வீடுகள் சேர்ந்ததும் பிளம்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறார். இந்த வாரம் நான்கு பெயர்கள் இருக்கின்றன. நான்காவது என்னுடையது: மொட்டை மாடி வால்வு.