வைத்தியசாலைக்காக ஓடிய குதிரைகள்

நோயாளருக்குக் கட்டில் வாங்குவதற்குக் குதிரை ஓடவேண்டுமா? அயர்லாந்திலே அரை நூற்றாண்டுக்கு மேலாக அவ்வாறே ஓடியது.

முதலாம் உலகப் போருக்குப் பின்னர், டப்ளின் நகரத்தின் அறநிலைய வைத்தியசாலைகள் நன்கொடை வற்றிக் கடனில் ஆழ்ந்தன. 1930ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம், அவற்றின் பொருட்டு அதிர்ஷ்டலாபச் சீட்டு நடத்தச் சட்டத்தால் இடமளித்தது. சேரும் பணத்தில் நூற்றுக்கு 20 வீதத்துக்குக் குறையாத பங்கு வைத்தியசாலைகளுக்குச் சேரவேண்டும் என்பது நிபந்தனை.

சீட்டொன்றின் விலை பத்துச் சிலிங். அடிச்சீட்டுகள் யாவும் ஒரு பேருருளையிலும், பந்தயக் குதிரைகளின் பெயர்கள் வேறோர் உருளையிலும் இடப்படும். சீருடை அணிந்த தாதியர் அவற்றிலிருந்து சீட்டெடுப்பர். குதிரை வாய்த்தவருக்குப் பரிசு உண்டு. அக்குதிரை பந்தயத்தில் வென்றால் பெருஞ் செல்வம். 1930 நவம்பரில் நடந்த முதற் குலுக்கலிலேயே வைத்தியசாலைகளுக்கு ஏறக்குறைய 1,31,000 பவுண் கிடைத்தது.

தாதியரைக் கண்ட மக்கள், பணத்தின் பெரும்பகுதி பிணி தீர்க்கப் போகிறதென்று நம்பினர். உண்மையில் சட்டம் காத்தது ஐந்திலொரு பங்கை மட்டுமே. சீட்டு நடத்தியது தனியார் நிறுவனமொன்று. சீட்டுகளில் மிகப் பல விற்கப்பட்டதோ, அவ்விற்பனை சட்டவிரோதமாயிருந்த பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும். ஒளித்துக் கடத்தும் வியாபாரத்துக்குப் பற்றுச்சீட்டு ஏது? செலவென்னும் பெயரில் சென்ற பணத்தைச் சரிபார்ப்பது எளிதன்று. நடத்தியோர் பெருஞ் செல்வராயினர். 1973இல் டப்ளின் பத்திரிகையொன்று இதனை விரிவாக வெளியிட்டபோது நாடே திகைத்தது.

அரசாங்கம் வாளாவிருந்ததென்றும் சொல்லமுடியாது. 1933ஆம் ஆண்டுச் சட்டம், எந்த வைத்தியசாலைக்கு எவ்வளவு தேவையென ஆராய்ந்து அமைச்சருக்கு அறிவுரை கூற ஆணைக்குழுவொன்றை நிறுவியது. புதிய கட்டடங்கள் பல எழுந்தன. ஆனால், வைத்தியசாலைகளின் வரவுசெலவுக் குறையையும் இந்நிதியே நிரப்பியது. குறையை நிரப்ப ஒருவர் இருக்கும்போது சிக்கனம் பேணுவது யார்? சூதாட்டப் பணம் வேண்டாமென்று தொடக்கத்தில் விலகி நின்ற அடிலெய்ட் வைத்தியசாலை போன்றன அரிதினும் அரிது.

1986இல் தேசிய லொத்தர்ச் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டு பழைய சீட்டு மூடப்பட்டது. நெடுங்காலம் சொற்ப ஊதியத்துக்குச் சீட்டுகளைத் தரம்பிரித்த பெண்கள் வீடு திரும்பினர்.