கண்ணாடி துப்புரவுப் பணிக்கான சிறு சரக்குந்து

கண்ணாடி துப்புரவுப் பணிக்கான சிறு சரக்குந்து என்பது, கட்டடங்களின் சன்னல் கண்ணாடி, கடை முகப்புக் கண்ணாடி, சூரிய மின்தகடு ஆகியவற்றைத் தூய்மை செய்வோர் தமது நீர்த்தொட்டி, மோட்டார், ஓஸ் குழாய், ஏணி, துடைப்புக் கருவிகள் ஆகியவற்றை ஏற்றிச் செல்லும் திறந்த பெட்டி வண்டியாகும். இது பிக்அப் வண்டி என்றும் மினி லாரி என்றும் அழைக்கப்படுகிறது. இராமநாதபுரம், மண்டபம், பாம்பன், இராமேசுவரம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று கண்ணாடியையும் வண்டியையும் ஒருசேரப் பாதிக்கிறது. நல்ல நீரும் அங்கு அரிது. ஆகவே இப்பகுதியில் வண்டியைத் தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும் உள்நாட்டு நகரங்களிலிருந்து வேறுபடுகின்றன.

வாகன வகைகள்

ஆலையிலேயே சரக்குப் பெட்டி பொருத்தி விற்கப்பட்ட தொடக்கக் கால வண்டிகளுள் ஒன்று, ஃபோர்டு நிறுவனம் 1925இல் வெளியிட்ட மாடல் டி பிக்அப் ஆகும். இந்தியாவில் 2005இல் டாட்டா ஏஸ் அறிமுகமான பின் சிறு சரக்குந்துகள் பரவலாயின. தமிழ்நாட்டில் இவ்வண்டியைக் 'குட்டி யானை' என்று அழைக்கின்றனர். 2011இல் அசோக் லேலண்டு நிறுவனம் தோஸ்த் வண்டியை வெளியிட்டது. மகிந்திரா பொலேரோ பிக்அப் வண்டியும் மிகுதியாகப் பயன்பாட்டில் உள்ளது.

துப்புரவுப் பணிக்கு இவ்வகை வண்டிகள் ஏற்றவையாக இருப்பதற்குக் காரணங்கள் சில:

* பெட்டி திறந்திருப்பதால் ஈரமான ஓஸ், துணி முதலியவை காற்றோட்டத்தில் உலர்கின்றன.
* சிந்தும் நீர் பெட்டியிலிருந்து வெளியே வடிந்துவிடுகிறது.
* இராமேசுவரம் கோயிலைச் சுற்றியுள்ள குறுகிய தெருக்களிலும் எளிதில் திருப்பலாம்.
* வேலை இல்லாத நாட்களில் தொட்டியை இறக்கிவிட்டு வேறு சரக்கு ஏற்றலாம்.

மூடிய வேன் வண்டியில் கருவிகளைப் பூட்டி வைக்க முடியும். திறந்த பெட்டியில் அவ்வசதி இல்லை. அதனால் மோட்டார், பேட்டரி போன்றவற்றைப் பூட்டுடன் கூடிய இரும்புப் பெட்டியில் வைத்து வண்டியுடன் பிணைப்பது வழக்கம்.

கடலோரக் கண்ணாடியில் உப்பு

கடல் அலை உடையும்போது நுண்ணிய நீர்த்துளிகள் காற்றில் கலக்கின்றன. கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. துளியில் உள்ள நீர் ஆவியானபின் அந்த உப்பு காற்றோடு சென்று கண்ணாடியில் படிகிறது. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது நீரை உறிஞ்சிக் கரையும். இரவில் இவ்வாறு கரைந்து, பகலில் மீண்டும் உலர்கிறது. இது நாள்தோறும் நிகழ்வதால் தூசியும் மணலும் உப்புடன் சேர்ந்து பசைபோல் ஒட்டிக்கொள்கின்றன.

இப்படலத்தை உலர்ந்த துணியால் தேய்த்தால், அதிலுள்ள மணல் கண்ணாடியில் கீறல் உண்டாக்கும். கீறலை மீண்டும் சரிசெய்வது கடினம். எனவே கடலோரத்தில் முதலில் நீரால் நனைத்துக் கழுவுதல், பிறகே துடைத்தல் என்பது அடிப்படை விதியாகும். கழுவுவதற்கு நீர் வேண்டும் என்பதனாலேயே வாளியும் துணியும் போதாமல், தொட்டியுடன் கூடிய வண்டி தேவைப்படுகிறது.

நீரின் தரமும் அளவும்

இந்தியக் குடிநீர்த் தரக்கட்டுப்பாடு, நீரில் கரைந்துள்ள திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பதை ஏற்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. கடலோரக் கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் உவர்ப்பு மிகுந்திருப்பது இம்மாவட்டத்தின் நெடுநாள் சிக்கல். நரிப்பையூரில் உவர்நீரைக் குடிநீராக்கும் ஆலை அமைக்கப்பட்டதற்கும், காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டதற்கும் இதுவே காரணம்.

உவர்நீரால் கண்ணாடியைக் கழுவி அப்படியே உலரவிட்டால் வெண்புள்ளிகள் தோன்றும். எடுத்துக்காட்டாக, ஒரு சதுர மீட்டர் கண்ணாடியில் 50 மில்லிலிட்டர் நீர் தங்கி உலர்வதாகக் கொள்வோம். நீரில் லிட்டருக்கு 1500 மில்லிகிராம் திடப்பொருள் இருந்தால் 75 மில்லிகிராம் கண்ணாடியிலேயே தங்கும். 10 மில்லிகிராம் மட்டுமே உள்ள தூயநீரில் தங்குவது அரை மில்லிகிராம்தான். இதனால் மேலைநாடுகளில், எதிர்ச் சவ்வூடுபரவல் அல்லது அயனிநீக்கம் மூலம் தூய்மையாக்கிய நீரை நீண்ட கம்பத்தின் வழியே செலுத்திக் கழுவி, துடைக்காமலே உலரவிடும் முறை பரவியுள்ளது.

இம்முறை வேலையை எளிதாக்கினாலும் நீரை மிகுதியாகச் செலவிடுகிறது. நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 4 மணி நேரம் பாய்ச்சினால் 480 லிட்டர் செலவாகும். ஆர்.ஓ. கருவி உள்ளே செல்லும் நீரில் பாதியைக் கழிவாக வெளியேற்றுவதாகக் கொண்டால், அதற்கு 960 லிட்டர் மூலநீர் தேவை. 15 லிட்டர் குடத்தில் இது 64 குடம். குடிநீருக்குக் குடங்களுடன் காத்திருக்கும் ஊர்களில் இவ்வளவு நீரைக் கண்ணாடிக்குச் செலவிடுவது எளிதில் ஏற்கத்தக்கதன்று.

இதற்கு மாற்றாக இரு கட்ட முறை பின்பற்றத்தக்கது. உப்பையும் மணலையும் நீக்கும் முதல் கழுவலுக்குக் கிணற்று நீரே போதும். வண்டியில் பெரிய தொட்டியில் அந்நீரும், 20 லிட்டர் கேன்களில் நல்ல நீரும் எடுத்துச் செல்லலாம். நல்ல நீரில் சிறிது சோப்புக் கரைசல் கலந்து தடவி, ரப்பர் வைப்பரால் வழித்தெடுத்தால் கண்ணாடியில் நீர் தங்குவதில்லை. நீரே தங்காதபோது புள்ளியும் விழாது. இன்று உலகெங்கும் உள்ள ஒற்றை ரப்பர் பட்டை வைப்பர், அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியரான எட்டோரே ஸ்டெக்கோனே 1936இல் காப்புரிமை பெற்ற வடிவத்தைப் பின்பற்றியது. வைப்பர் முறையில் 10 லிட்டர் வாளியை நான்கு முறை மாற்றினாலும் 40 லிட்டர் நல்ல நீரே செலவாகும்.

எடைக் கணக்கு

ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். வண்டியின் திறனைக் கணக்கிடாமல் பெரிய தொட்டியை ஏற்றுவது இத்தொழிலில் நேரக்கூடிய பெரும் தவறாகும். 750 கிலோகிராம் ஏற்றக்கூடிய சிறு வண்டி ஒன்றின் மாதிரிக் கணக்கு:

* 500 லிட்டர் நீர்: 500 கிலோகிராம்
* வெற்றுப் பிளாஸ்டிக் தொட்டி: 20 கிலோகிராம்
* தொட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம்: 40 கிலோகிராம்
* மோட்டார், பேட்டரி, ஓஸ் சுருள்: 60 கிலோகிராம்
* ஏணி, கம்பம், வாளி முதலியன: 40 கிலோகிராம்

மொத்தம் 660 கிலோகிராம். எஞ்சுவது 90 கிலோகிராம் மட்டுமே. இவ்வண்டியில் 1000 லிட்டர் தொட்டியை நிரப்பினால் நீரின் எடை மட்டுமே வரம்பைத் தாண்டிவிடும். அதிக எடையால் நிறுத்தும் தொலைவு கூடும், டயர் வெடிக்கும் வாய்ப்பு மிகும், பட்டைவில் முறியலாம். 1000 லிட்டர் தேவைப்படுவோர் ஒன்றேகால் டன்னும் அதற்கு மேலும் ஏற்றக்கூடிய வண்டியை நாட வேண்டும்.

தொட்டியைப் பொருத்துதல்

பாதி நிரம்பிய தொட்டி, முழுதும் நிரம்பிய தொட்டியைவிடச் சில வேளைகளில் ஆபத்தானது. வளைவில் திரும்பும்போது நீர் ஒரு பக்கமாகத் தளும்பி வண்டியைச் சாய்க்க முயலும். தொட்டிக்குள் துளையிட்ட தடுப்புகள் இருந்தால் தளும்பல் குறையும். ஒரே பெரிய தொட்டிக்கு மாற்றாக 200 லிட்டர் தொட்டிகள் இரண்டை வைத்து, ஒன்றைத் தீர்த்தபின் மற்றொன்றைத் திறப்பதும் நல்ல வழி.

தொட்டி தாழ்வாகவும் பின் அச்சுக்குச் சற்று முன்னாலும் இருக்க வேண்டும். பெட்டியின் கடைக்கோடியில் வைத்தால் முன்சக்கரங்களின் பிடிப்புக் குறைந்து ஸ்டீரிங் தடுமாறும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி திடீரென நிறுத்தப்படும்போது, 500 கிலோகிராம் நீர் ஏறத்தாழ 350 கிலோகிராம் எடைக்கு இணையான விசையுடன் முன்னோக்கித் தள்ளும். ஓட்டுநர் அறை தொட்டிக்கு நேர் முன்னே இருப்பதால், நைலான் கயிறு மட்டும் கட்டுவது போதாது. அடிச்சட்டத்துடன் பிணைத்த இரும்புச் சட்டமும் இறுக்குப் பட்டையும் தேவை.

உயரமும் காற்றும்

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இராமேசுவரம் தீவில் காற்று வலுவாக வீசும். மேற்கிலிருந்து வரும் காற்றை மீனவர்கள் கச்சான் என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும் அழைப்பர். காற்று மணிக்கு 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் பழைய பாம்பன் தொடர்வண்டிப் பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு வந்தது. ஏணியில் நிற்பவருக்கு அதைவிட மிகக் குறைந்த வேகமே ஆபத்தானது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும்.

கவனிக்க வேண்டியவை:

* ஏணியின் மேல்முனை 4 மீட்டர் உயரத்தில் சாய்ந்தால், அடிமுனை சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.
* ஏணியை வண்டிப் பெட்டியின் மேல் நிறுத்தக் கூடாது. நின்றிருக்கும் வண்டியும் பட்டைவில்லின் மீது அசையும்.
* மணலில் ஏணியின் கால் புதையும். அடியில் அகலமான பலகை வைக்க வேண்டும்.
* மேல்நிலை மின்கம்பிகளுக்கு அருகில் அலுமினிய ஏணியோ கம்பமோ பயன்படுத்தக் கூடாது. உப்பு கலந்த நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும்.
* இரண்டு மாடிக்கு மேற்பட்ட வெளிப்புற வேலைக்குப் பாதுகாப்புக் கச்சையும் பயிற்சி பெற்ற ஆட்களும் தேவை.

சட்ட விதிகள்

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இவ்வண்டிகளுக்கும் பொருந்தும். பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் மாறும் வகையில் வண்டியை மாற்றியமைப்பதைப் பிரிவு 52 தடை செய்கிறது. போல்ட் கழற்றி இறக்கக்கூடிய தொட்டி சரக்காகவே கருதப்படும் வகையில் அமைவது நல்லது. நிலையாகப் பற்றவைப்பதாயின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் பெற வேண்டும்.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வரம்பை மீறி எடை ஏற்றினால் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம் உண்டு. ஏணி அனுமதித்த அளவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000 ரூபாய் தண்டம் விதிக்கலாம். ஏறத்தாழ 7 அடி நீளப் பெட்டியில் 12 அடி ஏணி அடங்காது என்பதால், இரண்டாக மடக்கும் அல்லது உள்ளிழுக்கும் ஏணியே ஏற்றது.

சரக்குப் பெட்டியில் ஆட்களை ஏற்றுவது விதிமீறலாகும். விபத்து நேர்ந்தால் காப்பீடு மறுக்கப்படவும் கூடும். உதவியாளர் ஓட்டுநர் அறையில்தான் அமர வேண்டும். மொத்த எடை 7500 கிலோகிராமுக்கு உட்பட்ட சரக்கு வண்டிகளை இலகுரக வாகன உரிமம் உடையோர் ஓட்டலாம் என்பதை உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது.

வண்டிப் பராமரிப்பு

பாம்பன், மண்டபம் பகுதி இரும்பு அரிப்பு மிகுந்த இடமாகும். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் அரிப்பு ஆய்வுக்கான பிரிவை வைத்திருப்பது இதனாலேயே. உப்புக்காற்றுடன் தொட்டியிலிருந்து சிந்தும் உவர்நீரும் சேர்வதால், துப்புரவு வண்டி பிற வண்டிகளைவிட விரைவில் துருப்பிடிக்கும். பெட்டித் தளத்தில் ரப்பர் விரிப்பு இட்டு, வடிகால் துளைகளை அடைபடாமல் வைக்க வேண்டும். வாரம் ஒருமுறையேனும் அடிச்சட்டத்தை உப்பில்லாத நீரால் கழுவி, உலர்ந்தபின் துருத்தடுப்புப் பூச்சு பூசுவது பயன் தரும். பிரேக் குழாய்கள், பட்டைவில், பேட்டரி முனைகள் ஆகியவை முதலில் பழுதாகும் உறுப்புகள். புதிய சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்று முதல் 8 ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும்.

பணிக் காலம்

வெயில் ஏறியபின் கண்ணாடியில் சோப்புக் கரைசல் வழிப்பதற்கு முன்பே உலர்ந்துவிடும். ஆகையால் காலை 6 முதல் 10 மணி வரையும் மாலையிலும் பணி செய்வது சிறந்தது. ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களில் அக்னி தீர்த்தத்தில் நீராடப் பெருந்திரளான மக்கள் இராமேசுவரம் வருவதால், வண்டி நகரினுள் செல்வது கடினம். விடுதிகளின் கண்ணாடிப் பணியை அதற்கு முந்தைய நாட்களிலேயே முடிப்பது வசதி.

சூரிய மின்தகடுகள்

இம்மாவட்டத்தில் கண்ணாடிப் பரப்பு மிகுதியாக உள்ள இடம் கமுதி சூரிய மின்நிலையமாகும். 2016இல் தொடங்கப்பட்ட இது 648 மெகாவாட் திறனும் ஏறத்தாழ 25 இலட்சம் மின்தகடுகளும் கொண்டது. பரப்பு 2,500 ஏக்கர். இத்தகடுகளைத் துடைக்கத் தானியங்கிக் கருவிகள் பயன்படுத்தப்படுகின்றன. அக்கருவிகள் தமக்கு வேண்டிய மின்சாரத்தைச் சூரிய ஒளியிலிருந்தே பெறுகின்றன.

வீடு, பள்ளி, விடுதி ஆகியவற்றின் கூரையில் உள்ள சில தகடுகளுக்கு அத்தகைய கருவி கட்டுப்படியாகாது. அங்குச் சிறு சரக்குந்துடன் வரும் பணியாளரே பொருத்தமானவர். சூடேறிய தகட்டின் மீது திடீரெனக் குளிர்நீர் பாய்ச்சினால் கண்ணாடியில் விரிசல் ஏற்படலாம். எனவே விடியற்காலையில், மென்மையான தூரிகையால், குறைந்த அழுத்தத்தில் கழுவ வேண்டும். கழுவிய நீரைக் கூரைக் குழாயின் அடியில் பிடித்து வைத்தால், சோப்பு கலக்காதபோது அது அடுத்த கட்டடத்தின் முதல் கழுவலுக்கு மீண்டும் பயன்படும்.