உங்களுக்குத் தெரியுமா? துப்பாக்கி உரிமமும் வீச்சரிவாளும்

துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல மக்களுக்குத் தாராளமாக அனுமதி கொடுத்தால் வன்முறை குறையும் என்று 1998-இல் வாதிட்டார் அமெரிக்கப் பொருளியலாளர் ஜான் லாட். 2004-இல் அந்நாட்டு தேசிய ஆய்வுக் குழு சான்றுகளை அலசியது. குற்றம் கூடுகிறதா, குறைகிறதா என்று முடிவுகட்ட அவை போதாது என்றது. ஆனாலும் 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெளியிடங்களில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது அரசியலமைப்பு தந்த உரிமை என்று தீர்ப்பளித்தது.

 ஆனால் இந்தியாவில் துப்பாக்கி யாருக்கும் உரிமை அல்ல. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, தேவைக்குக் காரணம் சொல்ல வேண்டும்; உள்ளூர்க் காவல் நிலையம் விசாரித்து அறிக்கை தர வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

இந்தக் கெடுபிடி வேண்டியதே. 1967 ஜனவரி 12 அன்று ராமாபுரம் வீட்டில் எம்.ஜி.ஆர். கழுத்தில் பாய்ந்த குண்டைத் தமிழகம் மறக்கவில்லை. ஆனால் நம் புறநகர்க் கொலைச் செய்திகளில் அடிக்கடி வருவது அரிவாள். வயல்வேலைக்கென்றே செய்த கருவியை ஆயுதச் சட்டம் ஆயுதமாகக் கொள்வதில்லை. அதற்கு உரிமமும் தேவையில்லை.