தண்டலும் குழுக் கடனும்

தாம்பரம் சண்முகம் சாலையில் பூக்கூடை போடும் அம்மாவுக்கு விடியற்காலையிலேயே முதல் வேண்டும். தண்டலில் 10,000 ரூபாய் கேட்டால், பிடித்தம் போகக் கைக்கு வருவது 8,500 என்று வைத்துக்கொள்வோம். பிறகு தினமும் 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் மறுநாளே பணம் திரும்பிப் போகத் தொடங்குவதால், சராசரியாகப் பாதித் தொகைதான் அவரிடம் இருக்கிறது. ஆண்டு வட்டியாகப் பார்த்தால் சுமார் 120 சதவீதம்!

இந்தக் கணக்கை மாற்ற வாழ்நாளையே கொடுத்தவர் ஜெயா அருணாசலம். காங்கிரஸில் இருந்த அவர் சென்னையில் வெள்ள நிவாரண வேலைக்குப் போன இடத்தில், சிறு வியாபாரம் செய்யும் பெண்கள் அவரிடம் கேட்டது கடனுக்கு ஒரு வழி. 1978-ல் ‘ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்’ தொடங்கினார். தேசிய வங்கிகளில் 4 சதவீத வட்டிக் கடன் 1972 முதலே இருந்தது. ஜாமீனுக்கு ஆளில்லாத பெண்களுக்கு அது எட்டவில்லை. அதனால் ஃபோரத்தில் ஒரே தெருப் பெண்கள் குழுவாகி ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்றார்கள். 1981-ல் சொந்தக் கூட்டுறவுச் சங்கமே வந்துவிட்டது. குழுக் கடனுக்குப் பேர்போன வங்கதேசத்தின் கிராமீன், வங்கியாக ஆனது 1983-ல்தான். நம் ஊர்ப் பெண்களின் இந்த முன்னோடி வேலை இங்கேயே போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் வருத்தம். 2019-ல் ஜெயா மறைந்தார்.

இன்று சேலையூர், பெருங்களத்தூர் பக்கம் ‘குழு லோன்’ என்றால் இரண்டில் ஒன்று. சுயஉதவிக் குழுவில் உறுப்பினர்கள் முதலில் தாங்களே சேமித்து, குழுவின் பெயரில் கணக்கு வைத்து, பிறகு வங்கிக் கடன் வாங்குகிறார்கள். தனியார் நிறுவனக் குழுவில் சேமிப்பு கிடையாது. கடனும் தவணையும் மட்டுமே. முடிந்தவரை முதல் வகைக்குப் போங்கள்.

இரண்டாவதுதான் வழி என்றால், ரிசர்வ் வங்கியின் 2022 விதிகள் துணைக்கு உண்டு. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் கேட்கக் கூடாது. எல்லாக் கடனுக்குமான தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை. காலை 9-க்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. உறவினரைத் தொந்தரவு செய்யவும் கூடாது. ஒருத்தி தவணை கட்டவில்லை என்று குழுவையே இரவுவரை உட்கார வைத்தால், நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.