பஸ் பீசை மட்டும் பார்த்தால் போதுமா? பஸ்சின் தரையையும் பாருங்க!

சென்னை,
ஜூன் மாதம் பிறந்தால் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். "பஸ் பீசை மறுபடியும் ஏத்திட்டாங்களே, பணத்துக்கு எங்கே போறது?" குமாஸ்தா வீட்டிலும் இதே கவலை, கடைக்காரர் வீட்டிலும் இதே கவலை.

பீஸ் எவ்வளவு என்று கேட்காத ஆள் இல்லை. பஸ் எப்படி இருக்கிறது என்று கேட்பவர்கள்தான் குறைவு.

ஓட்டை

2012-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி. தாம்பரம் அருகே முடிச்சூர். 2-ம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பள்ளிக்கூட பஸ்சில் மாலையில் வீடு திரும்பிக் கொண்டு இருந்தாள். பஸ்சின் தரையில் ஓட்டை! அதன் வழியாக நடுரோட்டில் விழுந்தாள். பின் சக்கரம் ஏறியது. பிஞ்சு உயிர் அங்கேயே போய்விட்டது.

ஆத்திரம் அடைந்த பொதுமக்கள் பஸ்சுக்குத் தீ வைத்தனர். அந்த பஸ் சமீபத்தில்தான் எப்.சி. வாங்கி இருந்தது என்பதுதான் கொடுமை.

ஐகோர்ட்டு தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த ஆண்டிலேயே பள்ளி பஸ்களுக்கு தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. மஞ்சள் பெயிண்ட், வேகக் கட்டுப்பாட்டு கருவி, அவசர வழி, முதல் உதவிப் பெட்டி, பிள்ளைகளை ஏற்றி இறக்க உதவியாளர் எல்லாம் கட்டாயம் ஆனது.

கணக்கு என்ன?

பஸ் நடத்துவதும் லேசான காரியம் அல்ல. ஒரு பஸ் தினமும் 80 கிலோ மீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 4 கிலோ மீட்டர் கொடுக்கிறது என்று வையுங்கள். 20 லிட்டர் டீசல் வேண்டும். லிட்டர் 92 ரூபாய் என்றால் நாளைக்கு 1,840 ரூபாய். மாதம் 22 நாளைக்கு 40,480 ரூபாய். 40 பிள்ளைகள் என்றால் தலைக்கு 1,012 ரூபாய் டீசலுக்கே சரி!

அதற்கு மேல் டிரைவர் சம்பளம், இன்சூரன்ஸ், வரி, டயர், ரிப்பேர்.

டீசலில் கை வைக்க முடியாது. வைத்தால் வண்டி நின்றுவிடும். ரிப்பேரைத் தள்ளிப் போட்டால் வண்டி ஓடும். உதவியாளரை நிறுத்தினாலும் ஓடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

உதவியாளருக்கு 10 ஆயிரம் ரூபாய் சம்பளம் என்றாலும், பிள்ளைக்கு மாதம் 250 ரூபாய்தான். அதை மிச்சம் பிடித்தால், வண்டிக்குப் பின்னால் பிள்ளை நிற்கிறதா என்று யார் பார்ப்பது?

மறுபடியும்

2022-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி ஆழ்வார்திருநகரில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி, 2-ம் வகுப்பு மாணவன் பலியானான். பிறகுதான் பள்ளி வாகனங்களில் கேமராவும், பின்பக்க சென்சாரும் கட்டாயம் ஆயின.

ஒவ்வொரு முறையும் ஒரு பிள்ளை போன பிறகுதான் சட்டம் வருகிறது.

கோடை விடுமுறையில் அதிகாரிகள் பள்ளி பஸ்களைச் சோதிக்கிறார்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். பீஸ் கட்டப் போகும்போது பஸ்சிலும் ஒரு தடவை ஏறிப் பாருங்க. மிதியடியைத் தூக்கிப் பாருங்க. தரையைக் காலால் தட்டிப் பாருங்க. "உதவியாளர் யாருங்க?" என்று கேளுங்க.

காசு கொடுப்பவருக்குக் கேட்க உரிமை உண்டு. பீஸ் பாக்கியை அடுத்த மாதம் கட்டிவிடலாம். போன பிள்ளை திரும்பி வருமா?