இயங்க மறுக்கும் வாகனமும் காரணங் காணும் முறையும்



லாச்சப்பல் வீதிகளில் விடிகாலை வேளையில் நடந்தவர்கள், றுன்ஜிஸ் மொத்தச் சந்தையிலிருந்து மரக்கறிப் பெட்டிகளை ஏற்றிவந்த வான்கள் கடை வாயில்களில் வரிசையாக நிற்பதைக் கண்டிருப்பீர்கள். எமது பள்ளி மாணவன் ஒருவனின் தந்தையாரும் அத்தகைய பழைய வான் ஒன்றினாலேயே குடும்பத்தைக் காப்பவர். சென்ற மாரிகாலத்தில் அவ்வான் திங்கட்கிழமைகளில் மட்டும் இயங்க மறுத்தது. திருத்தகம் ஒன்றிற் பற்றறியை மாற்றினார்கள். மூன்று வாரத்தில் மீண்டும் அதே கதை. இரண்டாவது புதிய பற்றறி வந்தது. அதன்பின் ஸ்ராட்டரையும் மாற்றினார்கள். பணம் போயிற்று, பழுது போகவில்லை. இன்னொரு திங்கட்கிழமை பிந்தினால் மரக்கறியை வேறொருவரிடம் வாங்கிக்கொள்வோம் என்று இரண்டு கடைக்காரர்கள் சொல்லிவிட்டனர்.

இங்கு நடந்த தவறு யாது? காரணத்தைக் காணுமுன் பாகத்தை மாற்றியமையே. நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுக்கும் வைத்தியரை நாம் நம்புவதில்லை. வாகனத்தின் விடயத்தில் மட்டும் ஏனோ நம்பிவிடுகிறோம்.

ஓர் இயந்திரம் உயிர்பெறுவதற்கு மூன்று வேண்டும். அதனை முதலிற் சுழற்றிவிடும் விசை, எரியத்தக்க எரிபொருள் ஆவி, அதனைப் பற்றவைக்கும் பொறி என்பனவே அவை. டீசல் இயந்திரத்திற் பொறி கிடையாது. நெருக்கப்பட்ட காற்றின் வெப்பமே அங்கு எரிபொருளைப் பற்றவைக்கிறது. குளிர்காலத்தில் அவ்வெப்பம் போதாமற் போகலாம் என்பதற்காகவே முன்சூடாக்கிகளைப் பொருத்தியுள்ளனர். இம்மூன்றில் எது இல்லை என்பதைச் சாவியைத் திருப்பியவுடன் கேட்கும் ஒலியே பெரும்பாலும் சொல்லிவிடும். இயந்திரம் விரைவாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லையாயின் பற்றறியைக் குற்றஞ்சாட்டுதல் வீண். எரிபொருளையோ பொறியையோ தேடவேண்டும். ‘டக் டக்’ என்ற ஒலி மட்டும் கேட்டாலோ, சோம்பலாகச் சுழன்றாலோ மின்வலு போதவில்லை என்பது பொருள். ஒலியே எழாவிடின் முன்விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். விளக்கு மங்கினால் பற்றறியிலோ அதன் முனைகளிலோ குறையுண்டு. விளக்கு மங்காமல் நின்றால், மின்சாரம் ஸ்ராட்டரைச் சென்றடையவில்லை, அல்லது ஸ்ராட்டரே பழுதாகிவிட்டது.

பற்றறி முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் தூளை முதலிற் சுரண்டித் துடைக்கவேண்டும். செலவில்லாத இவ்வேலையை விட்டுவிட்டுக் கடைக்கு ஓடுபவர்களே அதிகம். அதன்பின் பன்மானி ஒன்றினால் அளந்து பார்க்கலாம். சில மணிநேரம் ஓய்ந்திருந்த நல்ல பற்றறி 12.6 உவோற்று அளவிற் காட்டும். 12 உவோற்றுக்குக் கீழே சென்றால் அது ஏறத்தாழ வெறுமையாகிவிட்டது. இயந்திரம் ஓடும்போது அளவு 14 உவோற்றை அண்மித்து நிற்கவேண்டும். அவ்வாறு உயராவிடின், பற்றறிக்கு மின்னேற்றும் ஒல்ரனேற்றர் வேலை செய்யவில்லை. புதிய பற்றறியும் சில நாட்களில் இறங்கிவிடும்.

இந்த ஈயப் பற்றறி பிறந்த ஊர் நாம் வாழும் பாரிஸ் நகரமே என்பதைப் பிள்ளைகள் அறியவேண்டும். 1859இல் கஸ்தோன் பிளாந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர் இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதவாறு சுருட்டி, கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க முதலாவது மின்கலத்தை ஆக்கினார். அவருடைய கலத்திற் போலவே இன்றைய கலத்திலும், மின்சாரம் வெளியேறும்போது தகடுகளில் ஈய சல்பேற்று படிகிறது. உடனே மின்னேற்றினால் அது கரைந்து மறையும். வெறுமையாகவே நாட்கணக்கில் விட்டால் கடினப் பளிங்காகிப் பற்றறியின் ஆயுளைக் குடித்துவிடும். குளிரோ அதன் இரசாயன மாற்றத்தை மந்தமாக்குகிறது. அதே வேளையில் இயந்திர எண்ணெயையும் தடிக்கச் செய்து, சுழற்றுவதற்கு வேண்டிய வலுவைக் கூட்டுகிறது. பாரிசில் பற்றறிகள் மாரிகாலத்திற் சாவதற்கு இந்த இருபக்க நெருக்குதலே காரணம்.

காரணத்தைத் தேடும் இந்தக் கலையை எம்மவர் பலர் கற்றது இங்கன்று. 1990 யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குப் பெற்றோலும் பற்றறிகளும் தடைசெய்யப்பட்டன. மின்சாரமும் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் மண்ணெண்ணெயில் அவை புறப்படமாட்டா! பெற்றோல் உறைநிலைக்கு 40 பாகை கீழேயும் பற்றத்தக்க ஆவியைத் தரும். மண்ணெண்ணெயோ 38 பாகைக்கு மேற் சூடானாலே அத்தகைய ஆவியைத் தரவல்லது. யாழ்ப்பாணத்துக் காலை வெயிலும் அதற்குப் போதாது. எனவே பாற்போத்தல் போன்ற சிறு போத்தலில், கிடைத்தற்கரிய பெற்றோலைச் சிறிது வைத்திருந்து, காற்றுக் குழாய் வழியே சில துளிகளைப் பீச்சி இயந்திரத்தை எழுப்புவார்கள். அது சூடேறியதும் தன் சூட்டினாலேயே மண்ணெண்ணெயை ஆவியாக்கிக்கொண்டு, கரும்புகை கக்கியபடி ஓடும். வழியில் நிறுத்தி ஆறவிட்டால் மறுபடியும் அந்தப் போத்தலைத் தேடவேண்டும்.

அக்காலத்தில் பழைய ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் கார்களுக்குப் புது மதிப்பு உண்டாயிற்று. அவற்றின் இயந்திரம் எரிபொருட் கலவையை அதிகம் நெருக்குவதில்லையாதலால் மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொண்டது. பற்றறியில் ஸ்ராட்டரைச் சுழற்றும் வலு இல்லாவிடினும் முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றிவிடலாம். ஆயினும் மண்ணெண்ணெய்க் கரி தீப்பொறிச் செருகியில் அடைந்து பொறியை மறைத்துவிடும். எரியாமல் வழியும் எண்ணெய் இயந்திர எண்ணெயோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும். நள்ளிரவிற் பிரசவ வேதனையில் ஒரு தாயை ஆசுபத்திரிக்கு ஏற்றவந்த சாரதி, இருளில், ஒலியைக் கேட்டும் மணத்தை முகர்ந்தும், பெற்றோல் துளி போதவில்லையா, செருகி கரிந்ததா என்று முடிவு செய்யவேண்டும். கைவசம் ஒரு செருகியும் சில துளிப் பெற்றோலுமே இருக்கும்போது, பாகங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கு இடமேது? இன்று இங்கே கடைகள் நிறைய இருப்பதனாற்றான் நாம் சிந்திக்கச் சோம்புகிறோமோ என்று எனக்கு ஐயமுண்டு.

வானுக்கு வருவோம். ‘திங்கட்கிழமை மட்டும்’ என்பதே முதற்சான்று. சனி இரவு எட்டு மணிக்கு நிறுத்தினால் திங்கள் விடிகாலை நான்கு மணி வரை 32 மணிநேரம் அவ்வான் அசைவதில்லை. ஓடும்போது அளந்ததில் 14.2 உவோற்று இருந்தது. ஆகவே ஒல்ரனேற்றரிற் பிழையில்லை. நிற்கும்போது ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடிக்கிறது. எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளைச் சாத்தி, பற்றறியின் மறைமுனைக் கம்பியைக் கழற்றி, இடையே பன்மானியை மின்னோட்டம் அளக்கும் நிலையில் இணைத்தோம். (இந்நிலையில் ஒருபோதும் சாவியைத் திருப்பலாகாது, பன்மானி கெட்டுவிடும்.) வாகனத்தின் மின்சுற்றுக்கள் உறங்குவதற்கென அரை மணிநேரம் காத்திருந்தோம். 0.05 அம்பியருக்கு மேற் காட்டக்கூடாத இடத்தில் 1.7 அம்பியர் காட்டியது! 32 மணிநேரத்தில் ஏறத்தாழ 54 அம்பியர்-மணி. பற்றறியின் முழுக் கொள்ளளவோ 70. பெருக்கற் கணக்கு எதற்கு உதவும் என்று கேட்கும் பிள்ளைகள் இதனைக் கவனிக்க.

உருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கையில், உள்விளக்குகளின் உருகியைக் கழற்றியபோது அளவு வீழ்ந்தது. ஆனால் கதவைத் திறந்து பார்த்தால் விளக்கு எரியத்தானே செய்யும்; மூடியபின் எரிகிறதா என்பதை யார் பார்ப்பது? மாணவன்தான் வழி சொன்னான்.

“அப்பா, போனை வீடியோவிலை போட்டு உள்ளுக்கு வைச்சிட்டுக் கதவைச் சாத்துங்கோ.”

அவ்வாறே செய்தோம். பெட்டிகள் ஏற்றும் பின்பகுதியில், 10 உவாற்றுக் குமிழ்கள் இரண்டும் மூடிய கதவுக்குள் வெளிச்சமாக எரிந்துகொண்டிருந்தன. கதவோரத்து ஆளி துருப்பிடித்து இறுகியிருந்தது. அதன் விலை பற்றறியின் விலையிற் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. திருத்தகத்தில் ஒதுக்கிவைத்த முதலாவது பற்றறியையும் தந்தையார் கேட்டு வாங்கிவந்து இரவு முழுவதும் மெதுவாக மின்னேற்றிப் பார்த்தார், அது தேறவில்லை. பலமுறை வெறுமையானதில் அதன் தகடுகள் கெட்டுவிட்டன. இரண்டாவது பற்றறி தப்பிவிட்டது. அடுத்த திங்கள் நான்கு மணிக்கு வான் றுன்ஜிசுக்குப் புறப்பட்டது.